நாம் தின்

ஊர் எதுவென்று கேட்டேன்.
'நாம் தின்' என்றாள் லான்.
ஊர் கேட்டால் சாப்பிடக் கூப்பிடுகிறாளே என்று
கட்டிங் டேபிளே சிரித்தது.
அவளுக்கு விளங்கவில்லை. அவளும் சிரித்தாள்.

வியட்நாமிலிருந்து ஆறு மாசத்துக்கு வந்தவள்.
துத்திப்பட்டு ஷூ கம்பெனியில் புது மெஷின்;
அதோடு வந்து இறங்கினாள்.

சனிக்கிழமை சாயந்திரம், ஆம்பூர் மார்க்கெட்.
நியாமத் பாய் கடைமுன் நின்று
கறி வேண்டாம், எலும்பு என்கிறாள்.
எந்த எலும்பு?
தன் காலைத் தூக்கி முழங்காலைத் தட்டிக் காட்டுகிறாள்.
பாய் என்னைப் பார்க்கிறார்.
"தோலு ஷாப்புக்குப் போவுது,
கறி பிரியாணிக்குப் போவுது,
எலும்புக்கு இன்னாத்த துட்டு வாங்கறது?"
அஞ்சு கிலோவைப் பையில் தள்ளினார்.

அவள் வாடகை வீட்டில் அடுப்பு உண்டு.
'அது மட்டும் கூடாது' என்றாராம் வீட்டுக்காரர்.
எது என்று கடைசிவரை சொல்லவில்லையாம்.
எனக்குச் சொல்லாமலே தெரியும்.
எங்க வீட்டுக்கு வா என்றேன்.

இஞ்சியையும் வெங்காயத்தையும்
நேராக நெருப்பில் போட்டுக் கருக்கினாள்.
எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள்.
பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ:
எங்கள் கல்யாண தேக்சாவில் விழுகிற அதே ஆட்கள்
அரிசியைக் கண்ணால் பார்க்காமல்
விடிய விடிய தண்ணீரில் கிடந்தார்கள்.
நுரை எடுத்தாள். எடுத்தாள்.
எடுத்துக்கொண்டே இருந்தாள்.
தண்ணீர் புன்னகைக்கலாம்,
வாய்விட்டுச் சிரித்தால் கலங்கிவிடும்.
இவ்வளவையும் கையாலேயே சொன்னாள்.

மிச்சத்தை போன் தமிழாக்கியது.
எங்கள் ஊரில்தான் பிறந்தது,
ஹனோய்க்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான்.
(வாணியம்பாடி பிரியாணியை நாங்கள் நினைத்துக்கொண்டோம்.)
வெள்ளைக்காரன் மாட்டை அறுத்தான்,
கறியை அவன் தின்றான்,
எலும்பை எங்களுக்கு விட்டான்.
போன் அதைச் சொல்லி முடித்ததும்
யாரும் பேசவில்லை.
பரிசுத்தம் மட்டும்,
"இது நம்ம தெரு கதை ஆச்சே,
போனு ஆள் மாத்திப் படிக்குது" என்றான்.

இப்போது அங்கே மூட்டை தூக்குகிறவனும்
பேங்க் மேனேஜரும்
காலை ஆறு மணிக்கு, பிளாட்பாரத்தில்,
ஒரே உயர ஸ்டூல்.
முழங்கால் உயரம். அதில் அவள் கறார்.
பசை டின்களைக் கழுவிக் கவிழ்த்துப் போட்டோம்.
அரிசி நூடுல்ஸுக்கு எங்கே போவது? இடியாப்பம்.
அவள் முகம் கொஞ்சம் சுருங்கி, பிறகு சம்மதித்தது.
தர்கா வாசல் பூக்காரியிடம் திருநீற்றுப்பச்சிலை.
மீன் சாறு மட்டும் அவள் ஊரிலிருந்து,
ஷாம்பு பாட்டிலில்.

முதல் வாய்.
"பிரியாணி குளிச்சிட்டு வந்தாப்ல கீது" என்றாள் எஸ்தர்.
அதற்குமேல் யாரும் நல்லதாகச் சொல்லவில்லை.
பேர் ஃபோ.
அவள் சொல்லும்போது
கேள்வி கேட்கிற மாதிரியே முடிகிறது.

திங்கட்கிழமை, கேன்டீன்.
பதினோரு வருசமாக
மூடியைப் பாதி திறந்து தின்ற டிபன்பாக்ஸ்.
யார் கேட்டாலும் உருளைக்கிழங்கு.
சூப்பர்வைசர் தயாபரன் மூக்கை நீட்டினார்.
"இன்னாம்மா வாசனை?"
"ஃபோ சார். வியட்நாம்."
"அட, யூடியூப்ல பாத்துக்கீறேன்."
போட்டோ எடுத்தார். ஸ்பூன் எடுத்து வந்தார்.
ஒரு ஸ்பூன். ரெண்டு. மூணு.
"சூப்பரு. இன்னா எலும்பு இது?"

எதிரில் லான்.
அவளுக்கு அந்தக் கேள்வி புரியாது.
மூடியை முழுசாகக் கழற்றி
மேசைமேல் மல்லாத்தி வைத்தேன்.
சொன்னேன்.

நாலாவது ஸ்பூன் பாதி வழியில் நின்றது.
தையல் லைன் மொத்தமும் திரும்பியது.
அவர் ஸ்பூனைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி ஸ்பூனைப் பார்த்தார்.

"ஆறிப்போவுது சார்" என்றேன்.